வீட்டில் குடித்த டீக்கு யார் சாட்சி?

சீனியம்மாள் இறந்துபோன செய்தி வந்தபோது நான் விருதுநகர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடை டீ. செல்போனில் அவள் மகள் செல்வி, "டீச்சர், அம்மா போயிட்டாக" என்றாள். கையில் பாதி டம்ளர் இருந்தது. கீழே கொட்ட மனமில்லாமல் குடித்து முடித்தேன். சீனியம்மாள் பக்கத்தில் நின்றிருந்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருப்பாள்: "எந்தக் கடை டீச்சர்?"

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். விளங்காதவர்களுக்காகவும், எல்லாம் விளங்கியும் இப்போது வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில் ஊருக்குப் பாதை பிரியும் ஒரு விலக்கு. அதிலிருந்து உள்ளே தள்ளி ஊர். ஊர்க் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடம். நான் தினமும் பஸ்ஸில் வந்துபோன ஆசிரியை. சீனியம்மாள் சத்துணவுச் சமையலர். அவளுக்கு அந்த வேலை வந்ததே புருஷன் போன பிறகுதான். அதற்கு முன்னால் இருவருமே பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர்கள். அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தார்கள். இவர்கள் காலத்தில் விடிந்ததும் விலக்கில் கம்பெனி வேன் வந்து நிற்க ஆரம்பித்திருந்தது.

அந்த விலக்கில்தான் கனகராஜின் டீக்கடை. வேனுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அங்கே ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுத்தான் ஏறுவார்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் நெருப்புக்கு இடமில்லை. பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டிலேயே பையைத் தடவிப் பார்ப்பார்கள். உள்ளே அடுப்பு கிடையாது என்பதால் காலையும் மாலையும் டீ வெளியிலிருந்து கேனில் போகும். அந்தக் கேனும் கனகராஜ் கடையிலிருந்துதான். ஆக, ஊர்க்காரர்கள் வீட்டில் டீ போடுவது என்பதே அபூர்வம். விருந்தாளி வந்தால்கூட தூக்குவாளியோடு ஒரு பிள்ளை விலக்குக்கு ஓடும்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருடம் கழித்து, தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த ஒரு காலை நேரம், கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. சீனியம்மாள் புருஷன் கருப்பசாமியும், முத்துமாரி என்கிற இளம்பெண்ணும் அதில் போனார்கள். விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். கனகராஜ் முன்னால் வந்து சொன்னார்: "கருப்பசாமி காலையில எங்கடையிலதான் டீ குடிச்சாரு. பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வாங்கி மடியில சொருகிக்கிட்டுத்தான் போனாரு." அவ்வளவுதான். விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று முடிந்தது. கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக்கிடந்து, மறுபடியும் திறந்தது.

அன்றைக்கு நடந்தது வேறு. செல்விக்கு முதல் நாள் இரவிலிருந்தே காய்ச்சல். அதனால் சீனியம்மாள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த பாலில் புருஷனுக்கும் ஒரு டீ போட்டாள். அவர் அதைக் குடித்துவிட்டு, விலக்குக்குப் போகாமல் காட்டுக்குள் விழுந்து குறுக்கே நடந்து கம்பெனிக்குப் போனார். அவருக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. இதை அவள் எல்லோரிடமும் சொன்னாள். ஒருவரும் கேட்கவில்லை. "தினமும் கடையில நிக்கிற ஆளு, அன்னைக்கு மட்டும் நிக்கலையாக்கும்?" என்றார்கள்.

வகுப்பில் நான் ஓர் உதாரணம் சொல்வதுண்டு. ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது, யார் உடைத்தது என்று கேட்டால், பிள்ளைகள் பெரும்பாலும் அன்றைக்கு லீவு போட்ட பையன் பெயரைத்தான் சொல்வார்கள். எழுந்து நின்று 'நான் இல்லை டீச்சர்' என்று சொல்ல அவன் அங்கே இல்லை. கருப்பசாமிக்கும் அதுதான் நடந்தது. என்ன வித்தியாசம், மறுநாள் வந்து சொல்லவும் அவரால் முடியாது.

பள்ளியில் செல்வியைப் 'பீடிக்காரன் மக' என்று கூப்பிட்டார்கள். நான் எத்தனையோ பேர் காதைத் திருகியிருக்கிறேன்; பேர் போகவில்லை. அதைவிடக் கொடுமை முத்துமாரியின் தாய் ராக்கம்மாள். இரண்டு வீடும் எதிரெதிர் வாசல். ஒரே உலையில் அரிசி போட்டதுபோல் இருந்த குடும்பங்கள். காரியம் முடிந்த அன்று ராக்கம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரி சீனியம்மாள் வாசலில் தூற்றினாள். "ஒம் புருசன் பீடிக்கு எம்மக வேணுமாடீ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை.

சத்துணவுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சீனியம்மாள் என்னிடம் கேட்டாள்: "வீட்ல குடிச்ச டீக்கு யாரு டீச்சர் சாட்சி? கழுவிக் கவுத்துன டம்ளரா வந்து சொல்லும்?" அவளே சொன்னாள்: "கடையில குடிச்சா சாட்சி உண்டு. அந்தச் சாட்சி எப்பிடின்னுதான் பாத்துட்டோமே. இனி இந்த ஊருல ஒரு ஆளு அந்தக் கடையில குடிக்கக் கூடாது." அழுதுகொண்டு சொல்லவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்.

முதலில் எங்களிடம்தான் ஆரம்பித்தாள். ஆசிரியர்களுக்குப் பதினொரு மணிக்குக் கனகராஜ் கடையிலிருந்து டீ வரும். அவள் தன் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் சொந்தத் தூளையும் சீனியையும் கொண்டுவந்து பள்ளியின் பின்பக்க வேப்பமரத்தடியில் வைத்தாள். சத்துணவுச் சாமானில் ஒரு கல் உப்பைக்கூடத் தொடமாட்டாள். எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சீனியம்மாள் போட்ட டீ நன்றாக இருக்காது. தூளைப் போட்டு, கொதிக்கவிட்டு, கீரை உருவப் போய்விடுவாள். வந்து பார்க்கும்போது அது கஷாயமாகியிருக்கும். கனகராஜோ கைப்பக்குவம் உள்ளவர். அவர் கடை டீக்காக பஸ்ஸை நிறுத்தி இறங்கிய டிரைவர்களை எனக்குத் தெரியும். அன்று எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "நல்லாருக்காது டீச்சர். எனக்கே தெரியும். குடிங்க." குடித்தோம். மறுநாளும் குடித்தோம்.

தலைமையாசிரியர் மட்டும் கொஞ்ச நாள் முரண்டு பிடித்தார். ஒருநாள் கல்வி அதிகாரி வந்திருந்தார். அதிகாரிக்கு வீட்டு டீ கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று தலைமையாசிரியர் ரகசியமாகக் கடைக்கு ஆள் அனுப்பினார். டீ வந்துசேர்வதற்குள் சீனியம்மாள் தன் டம்ளரை அதிகாரி கையில் கொடுத்துவிட்டாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா இது?" என்றார். "டீங்கய்யா." "இதுவா?" "ஆமாங்கய்யா. இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." அவர் சிரித்துவிட்டு முழுதும் குடித்தார். தூக்குவாளியில் வந்த கடை டீ மேஜை மேல் ஆறி ஆடை கட்டியது. தலைமையாசிரியரும் அதைத் தொடவில்லை.

அடுத்து அவள் கை வைத்தது வேனில். கம்பெனிக்குப் போகிற பெண்கள் பலரும் அந்தச் சாட்சியை மனதுக்குள் நம்பவில்லை; வீட்டில் டீ போட அவர்களுக்குச் சோம்பலும் இல்லை. போட்டதை எடுத்துப்போக ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்கு விருதுநகரில் பாத்திரக்கடை. நான் போய் நின்றேன். "ஒரு டீக்கடைக்காரரோட சண்டை போட என் கடையில பிளாஸ்க் எடுக்குதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே, "அப்ப நல்ல பிளாஸ்க்கா எடு. பாதியில ஆறிப்போனா கடைக்குத்தான் திரும்பிப் போவாக" என்றார். கொள்முதல் விலைக்கே கொடுத்தார். பொறுமைசாலி என்று என்னைச் சொல்வார்கள். அந்தப் பொறுமை எதற்கு உதவுகிறது என்று பிளாஸ்க்குகளை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிய அன்றுதான் தெரிந்தது.

பெண்கள் பிளாஸ்க்கோடு வேனுக்கு வந்து நின்றார்கள். கடைப் பெஞ்சில் உட்காராமல் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று மூடியில் ஊற்றிக் குடித்தார்கள். சீனியம்மாளுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் விலக்குக்கு வந்து, வேன் போகும்வரை நிற்பாள். ஒருநாள் நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கனகராஜ் பாய்லருக்குப் பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார்.

"ஏ சீனியம்மா, பேருலதான் சீனி இருக்கு. பேச்சுல ஒரு துளி இல்லையே."

"ஒங்க பேச்சுல அம்புட்டும் சீனிதான அண்ணாச்சி. கேட்டவக எல்லாரும் நம்புனாக."

"என்ன, டீ சப்ளையில எறங்கிட்டியாமே?"

"டீ மட்டுந்தான் அண்ணாச்சி. சாட்சி சப்ளை நீங்க பாத்துக்கிடுங்க."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கனகராஜ் கரண்டியை எடுத்து, இல்லாத வடையைத் திருப்பிப் போட்டார்.

கடை ஒரே நாளில் படுக்கவில்லை. முதலில் காலை வடை நின்றது. பிறகு ஒரு பெஞ்சை உள்ளே தூக்கிப் போட்டார்கள். டீக்கு வேலை அறையைவிட்டு வந்து கேனைச் சுற்றிக் கூடுகிற நேரம் மிச்சமாகிறது என்று பார்த்த கம்பெனி, ஆளுக்கொரு பிளாஸ்க் கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டு, கேன் ஆர்டரையும் நிறுத்திவிட்டது. எந்தக் கம்பெனிக்காக அவர் வாய் திறந்தாரோ அதே கம்பெனி. இதைக் கேள்விப்பட்ட அன்று சீனியம்மாள் எங்கள் எல்லோருக்கும் இரண்டாவது டம்ளர் டீ கொடுத்தாள். அதுவும் கசந்தது.

சில வருடங்கள் போன பிறகு நானே ஒருநாள் அவள் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னேன்: "போதும் சீனியம்மா. அவருக்கும் வயசாச்சு. கடையும் பாதியாப் போச்சு."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "தப்பா எழுதுன பேப்பர, எழுதுன பையனுக்கு வயசாச்சுன்னு சரி போடுவீகளா டீச்சர்? கடை போனா எனக்கென்ன, இருந்தா எனக்கென்ன? அவரு எழுதிக்குடுக்க வேண்டாம். வாயால சொன்னாப் போதும். அதுவும் எங்கிட்ட இல்ல." எதிர்வீட்டை நோக்கி முகத்தைத் திருப்பினாள். "அந்தா அவ காதுல விழணும். அது வரைக்கும் இந்த ஊரு என் டீயத்தான் குடிக்கணும்."

அதன் பிறகு நான் சமாதானம் பேசவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு தடவையாவது போய் அந்தக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வருவேன். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்த போதும் அவள் விலக்குக்கு வருவதை விடவில்லை என்று செல்வி சொன்னாள். அந்த நோயிலேயே போய்விட்டாள். அவள் காது கேட்க கனகராஜ் எதையும் சொல்லவில்லை.

விருதுநகரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். சீனியம்மாளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். துட்டி வீட்டில் உடல் எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைப்பதில்லை. வந்தவர்களுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து டீ சொல்லி அனுப்புவது வழக்கம். சீனியம்மாளின் அண்ணன் கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போய் வெகுகாலம் ஆனவர். பஸ்ஸைவிட்டு விலக்கில் இறங்கியதும், செய்ய வேண்டிய முறை என்று, கண்ணில் பட்ட கடையில் ஒரு கேன் டீ சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அது எந்தக் கடை என்று அவருக்குத் தெரியாது.

கேனைக் கனகராஜே தூக்கிக்கொண்டு வந்தார். வேறு ஆளிடம் கொடுத்துவிட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். நான் வாசலில்தான் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் தன் டீ இந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்கிற தெம்புதான் அதில் இருந்தது.

"எங்கன வைக்க?" என்றார்.

"அந்தா நிழல்ல வைங்கண்ணாச்சி. ஊத்திக் குடுங்க, எல்லாரும் காலையிலருந்து வெறும் வயிறு" என்றார் அண்ணன்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் கை நீட்டவில்லை. தாயின் தலைமாட்டிலிருந்து செல்வி எழுந்து வந்தாள். "ஊத்துங்க அண்ணாச்சி. மொத டம்ளரு எங்கம்மாவுக்கு" என்றாள். அவர் ஊற்றினார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னைக்கு எங்கப்பா ஒங்க கடையில டீ குடிச்சாருல்ல? அதுவும் இதே டம்ளருலதானா?"

"ஏத்தா, துட்டி வீட்ல என்ன பேச்சு இது?" என்று அண்ணன் அதட்டினார்.

"நீங்க இருங்க மாமா. அண்ணாச்சி சொல்லட்டும். சொன்னா எங்கம்மா குடிப்பா."

கனகராஜ் சீனியம்மாள் கிடந்த பக்கம் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற செல்விக்கும் எனக்கும் மட்டும் கேட்டது: "அவரு வரலம்மா."

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. தெருவுல நிக்கிறவகளுக்குக் கேக்கல."

தெருவில், எதிர்வீட்டு வாசலில், தூணைப் பிடித்துக்கொண்டு ராக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாள் என்று பிறகு சொன்னார்கள். கனகராஜும் அவளைப் பார்த்தார். பார்த்த பிறகு சத்தமாகச் சொன்னார்.

"கருப்பசாமி அன்னைக்கு எங் கடைக்கு வரல. பீடியும் வாங்கல, தீப்பெட்டியும் வாங்கல. கம்பெனியில சொல்லச் சொன்னாக. சொன்னேன்."

செல்வி டம்ளரைக் கேன் மூடி மேல் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"தாயி, சொன்னா குடிப்பான்னு…"

"இது ஆறிப்போச்சு அண்ணாச்சி."

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். முழுக் கேன். கனம் ஒரு பக்கம் இழுக்க, தெரு முழுவதும் சாய்ந்து சாய்ந்து நடந்தார். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அவர் தெருமுனை திரும்பிய பிறகு ராக்கம்மாள் தெருவைக் கடந்து வந்தாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். உள்ளே வந்து சீனியம்மாள் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னைய இம்புட்டு வருசம் வெளியிலயே நிறுத்திட்டானேடீ" என்றாள்.

நான் சமையல் மூலைக்குப் போய் அந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எடுத்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார்: "பொணம் கெடக்கையில அடுப்புப் பத்தவைக்கக் கூடாது டீச்சரம்மா." எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் மய்யித்து கிடக்கும்போது அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தீப்பெட்டியோடு நின்றேன். சீனியம்மாள் காலடியிலிருந்து ராக்கம்மாள் குரல் கொடுத்தாள்: "பத்த வைங்க டீச்சர். அவ டீய நான் ஒருநாள்கூடக் குடிச்சதில்ல."

பற்றவைத்தேன். எனக்கு நன்றாக டீ போடத் தெரியும். அன்று வேண்டுமென்றே தூள் கறுத்துச் சுண்டும்வரை கொதிக்கவிட்டேன். எல்லோருக்கும் ஊற்றினேன். ராக்கம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்கு" என்றாள். டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

இப்போது ஊர்க்காரர்களான உங்களில் சிலர் பேசுவது என் காதுக்கும் வருகிறது. துட்டி வீட்டில் வைத்துக் கேட்டது முறையா என்கிறீர்கள். வயசானவரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னது பாவம் என்கிறீர்கள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், நான் போய் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம். கருப்பசாமியின் பேரைக் கெடுத்தபோதும் அவர் சத்தமாகத்தான் சொன்னார். அப்போது அதே கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் நீங்கள்தான். அன்றைக்குக் காலையில் கருப்பசாமி அங்கே வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர்கூட டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கம்பெனியின் பெயரையும் இங்கே எழுத எனக்கு ஆசைதான். எழுதாவிட்டாலும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி அதன் பெட்டிகளைத்தானே வீட்டுக்கு வாங்கிப்போகிறீர்கள்.

அந்த ஸ்டவ்வை எனக்குத் தருவதாகச் செல்வி சொன்னாள். வேண்டாம், நீயே வைத்து டீ போடு என்றேன். சீனியம்மாளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவளுடைய பகையை மட்டும்தான். செல்வி வேலைக்குப் போக வேண்டும், தன் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவள் இதைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. எனக்கு வேறு வேலை இல்லை.

செல்வியைப் பார்க்க இப்போதும் அந்தப் பாதையில் போகிறேன். விலக்கில் பஸ் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி அந்தக் கடைக்குப் போவார்கள். வெளியூர்ப் பயணிகள் சிலரும் இறங்குவார்கள். நான் எப்போதும் கடைப் பக்கத்து ஜன்னலோரமாகப் பார்த்து உட்காருவேன். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியைத் திறந்து, கறுத்துக் கசந்த டீயை நிதானமாக ஊற்றுவேன். கனகராஜ் தலை நிமிரும்வரை குடிக்காமல் காத்திருப்பேன்.